பிறைச் சாட்சி

நிலாவில் மனிதன் கால் வைத்த காலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் எல்லாரிடமும் ஓர் அழகான பதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இனிப்புக் கொடுத்தார்கள் என்பார்கள், அப்பா தோளில் தூக்கிவைத்து வானத்தைக் காட்டினார் என்பார்கள். நான் இரத்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நின்றேன். அங்கே மேசைமேல் இரைந்துகொண்டிருந்த ரேடியோவைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்குக் காரணம் இருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், என் கணவருக்குப் பிரஜாவுரிமை விசாரணை. குறித்த நாளில் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதத்தில் கடைசி வரியாக அச்சடித்திருந்தார்கள். சிங்களம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நான் ஒருத்திதான். அந்த வரியை மட்டும் நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. என் அப்பா விவரமானவர். முன்னாலேயே மனுப் போட்டு இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கிவிட்டார், அதில் என் பெயரும் இருந்தது. என் மாமனார் எந்த மனுவும் போடாமலேயே செத்துப்போனார். மாமியாரும் அவர் பின்னாலேயே போய்விட்டார். என் கணவர் ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள எங்கள் தோட்டத்து லயத்தில்தான் பிறந்தார் என்று அவருடைய அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிறப்பைப் பதியவில்லை. மருத்துவச்சி உயிரோடு இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. மனு தள்ளுபடியானால் அவருக்கு இந்தியாவுக்குக் கப்பல்தான். கல்யாணமாகி எட்டு மாதம். அவரோடு நானும் கப்பல் ஏறுவதா, இல்லை அவரை அனுப்பிவிட்டு அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்று நான் ஒவ்வொரு நாளும் கொழுந்து பறிக்கும்போது யோசிப்பேன். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்காத ஊருக்கு எதற்காகப் போகவேண்டும்?

காகிதம் இல்லாதவர்கள் சாட்சி கொண்டுவரலாம் என்று கடிதம் சொன்னது. உறவுக்காரராக இருக்கக் கூடாது. இந்த ஊரில் பல காலம் இருக்கிறவராக, மனுக்காரரைப் பிறந்தது முதல் தெரிந்தவராக இருக்கவேண்டும். அப்படி எங்களுக்கு இருந்தது ஒரே ஒருவர். இரத்தோட்டையில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் என்கிற முறையில் நானா என்று கூப்பிடுவோம். அவரையும் ஊரே நானா என்றுதான் கூப்பிட்டது.

நானாவுக்குக் கடையைவிடப் பெரிய பேர் ஒன்று இருந்தது. அவர் பிறை பார்க்கிறவர். நோன்பு மாதம் தொடங்கவும் முடியவும் வானத்தில் புதுப் பிறையைக் கண்ணால் காணவேண்டும், கண்டவர் பள்ளிவாசலில் வந்து சாட்சி சொல்லவேண்டும். நானா கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி மேற்கே பார்ப்பார். அவர் கண்டேன் என்றால் மாத்தளை வரைக்கும் அந்தச் சொல் போகும், மறுபேச்சுக் கிடையாது. ஒரு வருஷம் பத்துப் பேர் சேர்ந்து மேகத்துக்குள் பிறை தெரிந்தது என்று சத்தம் போட்டபோது, இவர் ஒருவர் மட்டும் நான் காணவில்லை என்று சொல்லிவிட்டார். பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. ஆக்கிவைத்த சோறெல்லாம் வீணாகிப் போன கோபத்தில் மச்சான் முறைக்காரர்கள்கூட அவரோடு சில மாதம் பேசவில்லை. அவர் அசையவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான், விசாரணைக்கு இரண்டு வாரம் முன்னால், நானும் என் கணவரும் போய் நின்றோம். வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். கடையை ஒரு நாள் மூடினால் என்ன, உன் தகப்பன் எனக்கு எவ்வளவு வேண்டியவன் என்று என் கணவரிடம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தம்பி, உன்னை நான் மொதல்ல கண்டது மூணு மாசப் புள்ளையா. உன்ட தாய் முதுகுல கட்டிட்டுக் கடைக்கு வந்தா. அதைச் சொல்லுவேன். அதுக்கு முந்தி நான் காணல்ல."

என் கணவர் தலையை ஆட்டினார். எந்தக் கந்தோரிலும் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். கைக்குழந்தையை இந்தியாவில் பெற்றுக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர் என்பது அதிகாரிகளுக்கு மனப்பாடம். மூன்று மாதக் குழந்தையைக் கண்டேன் என்றால், அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்பார்கள்.

"நானா, அந்த மூணு மாசத்துலதாங்க எங்க உசுரே இருக்கு" என்றேன். "பொறந்தன்னைக்கே பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொய் இல்லையே. இங்கதானே பொறந்தாரு."

அவர் கோபப்படவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இங்கதான் பொறந்தான். எனக்கும் தெரியும். ஆனா நான் காணல்ல. புள்ள, பிறை கண்டு சொல்ற வாய் இது. காணாததக் கண்டேன்னு ஒருக்கா சொல்லிட்டா, அதுக்குப் பொறவு நான் பிறை கண்டேன்னு சொன்னா யாரு நம்புவாங்க? ஊரு நம்பினாலும் நான் நம்ப மாட்டேன்."

வீடு வரும்வரை நான் அவரை வாயில் வந்தபடி ஏசினேன். ஊரை ஏமாற்றுகிற வியாபாரிகளுக்கு நடுவில் இந்த மனிதர் ஒருவருக்கு மட்டும் இவ்வளவு சுத்தம் எதற்கு என்று கேட்டேன். என் கணவர் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அவர் அப்படித்தான், விடு, வருகிறேன் என்று சொன்னதே பெரிசு என்றார். அந்தப் பதிலுக்கும் சேர்த்து அவரையும் ஏசினேன்.

விசாரணை நாள் வந்தது. பார்த்தால் நிலாவுக்குப் போனவர்களும் அதே நாளைத்தான் பிடித்திருந்தார்கள்.

நாங்கள் விடிவதற்கு முன் லயத்தை விட்டு இறங்கி ஏழு மணிக்கு இரத்தோட்டையில் இருந்தோம். ஏழரைக்கு மாத்தளை பஸ். நானாவைக் கூட்டிக்கொண்டு ஏறவேண்டியதுதான் பாக்கி. கடைக்குப் போனால், கடையைக் காணவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். கடைத்தெரு முழுக்க அந்த வாசலில். சிங்களவர், முஸ்லிம்கள், எங்கள் ஆட்கள், பஸ் டிரைவர், கண்டக்டர், எல்லாரும். இரத்தோட்டையிலேயே பெரிய ரேடியோ நானாவுடையது. அது கரகரவென்று ஆங்கிலத்தில் பேசியது. தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து, புரிந்ததைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இரவே போய் இறங்கிவிட்டார்களாம். இன்னும் கதவைத் திறக்கவில்லையாம். இதோ, இப்போது திறக்கப் போகிறார்களாம்.

நானா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயாராகத்தான் இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தயாராக இருந்துகொண்டே அசையவில்லை.

ஏழரை பஸ் புறப்படவே இல்லை, டிரைவரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றார். கதவு திறக்கவில்லை. எட்டு மணி. கதவு திறக்கவில்லை. அங்கே காற்றை வெளியே விடவேண்டுமாம், அதற்கு நேரம் எடுக்குமாம். எட்டேகாலுக்கு நான் பொறுக்க முடியாமல் கூட்டத்துக்குள் புகுந்து, நானா, ஒன்பது மணிக்கு விசாரணை என்றேன். இதோ இறங்கப் போகிறான், அதைக் கேட்டுவிட்டுப் போவோம் என்றார். பிறகு இறங்கினான். கடைத்தெருவே ஒரு கணம் மூச்சு விடாமல் நின்றது. யாரோ அழுதார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது.

ஒரு கேலிக்காரர் நானாவைச் சீண்டினார். இவ்வளவு காலமும் நீர் தூரத்தில் நின்று பார்த்த நிலாவில் இப்போது ஆள் நிற்கிறான், இதற்குச் சாட்சி சொல்வீரா என்று கேட்டார். நானா சிரித்தார். "நம்புறேன். ஆனா நான் கேட்டேன், காணல்ல. கேட்டேன்னுதான் சொல்லுவேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, இதே பதிலைத்தான் கச்சேரியிலும் சொல்லப் போகிறார்.

இரண்டாவது ஆளும் இறங்கவேண்டும் என்றார்கள். அவனும் இறங்கினான். ஒன்பது மணியானது. கொடி நடப் போகிறார்கள் என்றார்கள். நான் என் கணவரைப் பிடித்துத் தள்ளினேன், போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று. அவர் போய் நானாவுக்குப் பக்கத்தில் நின்று, கையைப் பிசைந்தபடி, தானும் ரேடியோவைக் கேட்க ஆரம்பித்தார். உதவிக்கு வருகிற மனிதரை எப்படி அவசரப்படுத்துவது என்று பிறகு என்னிடம் கேட்டார்.

கடைசியில் நானே கத்தினேன். இன்று போயாவுக்கு முதல் நாள், அரை நாள், கச்சேரியைப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று கத்தினேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்தச் சில வருஷங்கள் எங்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. வாரமே நிலாவைப் பார்த்துத்தான் நடந்தது. அமாவாசை, பௌர்ணமி, நடுவில் வருகிற இரண்டு அட்டமி, இந்த நான்கும் போயா. அன்று முழு லீவு, அதற்கு முதல் நாள் அரை நாள். ஒரு வாரம் ஏழு நாளாக இருக்கும், இன்னொரு வாரம் எட்டு நாளாக இருக்கும். இன்று என்ன கிழமை என்று தோட்டத்தில் யாரும் கேட்கமாட்டோம், போயாவுக்கு எத்தனை நாள் என்றுதான் கேட்போம். முந்தின நாள் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்களத்தில் கங்காணி நாளைக்கு அரை நாள் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன்.

நானா என்னைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"இல்ல புள்ள. இன்னைக்குப் பிறை ஆறுதான். அட்டமி எட்டுல. நாளைக்குத்தான் அரை நாள். கச்சேரி நாலு மணி மட்டும் தொறந்து ஈக்கும்."

நிலாக் கணக்கில் நானாவை யார் மறுத்துப் பேசுவது? கூட்டம் முழுக்க ஆமாம் போட்டது. கங்காணி சொன்னார் என்று நான் சொன்னதற்கு, தோட்டத்துத் துரை அவர் இஷ்டத்துக்கு அரை நாள் கொடுப்பார், அரசாங்கம் அப்படி இல்லை என்று யாரோ சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அது இந்தியாவில் அச்சடித்தது, அதில் ஞாயிறுதான் சிவப்பாக இருந்தது. இத்தனை பேர் சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

பத்தரைக்கு டிரைவருக்கு மனம் இறங்கி பஸ்ஸை எடுத்தார். மாத்தளையில் இறங்கும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. கடைகள் பாதி சாத்தியிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானா முதலில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு சாத்திய கடைகளைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவருடைய மாதம் கண்ணால் பிறை கண்ட பிறகு தொடங்குவது. அரசாங்கத்தின் கணக்குப் பஞ்சாங்கத்தில் அமாவாசையிலிருந்து தொடங்குவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள். வாழ்நாள் முழுக்க நிலாவைப் பார்த்த மனிதர் அந்த ஒரு நாளை மறந்துபோனார்.

அவர் ஓட ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், சாரத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையை எங்கேயோ போட்டுவிட்டு, மாத்தளை வீதியில் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கச்சேரியில் ஆட்கள் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்குகளில் ஒருவரும் இல்லை. பியூன் சாவிக் கொத்தோடு நின்றான். நான் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அதிகாரி கோப்புகளைக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் அவரும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வைத்திருந்தார், அதிலும் அதே கரகரப்பு. எங்கள் கோப்பு மேலாக இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில் சிங்களத்தில் எழுதியிருந்ததை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். வரவில்லை.

இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டோம் என்றார் அதிகாரி. நான் என்ன பேசினேன் என்று எனக்கு முழுசாக நினைவில்லை. சிங்களத்தில் கத்தினேன், பாதியில் தமிழில் கத்தினேன். பஸ் ஓடவில்லை, நிலாவில் ஆள் இறங்கியதைக் கேட்க டிரைவர் நின்றுவிட்டார், நீங்களும்தானே ரேடியோ வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். பியூன் என் தோளைப் பிடிக்க வந்தான். அதிகாரி அவனைக் கையால் நிறுத்தினார். மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. டிரான்சிஸ்டரை நிறுத்திவிட்டு, கோப்பைப் பிரித்தார்.

கெட்ட மனிதர் இல்லை அவர், களைத்துப்போன மனிதர். பிறப்புப் பத்திரம் இல்லை என்பதைக் கண்டார். சாட்சி யார் என்று கேட்டார். நானா முன்னால் வந்து நின்றார், அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. சத்தியம் செய்துவைத்தார்கள். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, தான் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி என்றார். காலையிலிருந்து வந்த சாட்சிகள் எல்லாரும் கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன் என்றே சொல்லிவிட்டுப் போனார்களாம். கேள்விப்பட்டதை எழுத அவருக்கு இடமில்லையாம். இந்த ஆள் பிறந்த அன்று அந்தத் தோட்டத்தில் நீர் கண்ணால் கண்டீரா, இல்லையா?

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு மாசப் பிள்ளையாக என்று அந்த வாய் தொடங்கப் போகிறது, தொடங்கினால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். பியூன் சாவியை ஆட்டினான். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கப்பலில் ஏறப்போகிறவர் போலத்தான் நின்றார். நானா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையில் வாயடைத்துக் கிடந்த டிரான்சிஸ்டரைப் பார்த்தார்.

"கண்டேன்" என்றார்.

எங்கே என்று அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். லயத்தில், தாயின் பக்கத்தில் என்றார். நீர் அங்கே எதற்குப் போனீர் என்று கேட்டார். கடைச் சாமான் கொண்டுபோனேன் என்றார். ஒரு பொய்தான் நான் அவரிடம் கேட்டது. அதற்குத் துணையாக இன்னும் இரண்டு தேவைப்பட்டன. மூன்றையும் அவர் தடுமாறாமல் சொன்னார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி சிவப்பு மையில் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கோப்பை வேறொரு கட்டில் வைத்தார். பியூன் எங்களுக்குப் பின்னால் கதவைப் பூட்டினான்.

எனக்கு அப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெறும் சந்தோஷம்தான். கச்சேரி வாசலிலேயே நானாவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். அவர் பாம்பைக் கண்டவர்போலக் காலை இழுத்துக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். இரத்தோட்டை ஏற்றத்தில் பஸ் திரும்பியபோது, ரிவர்ஸ்டன் பக்கத்து மலைக்கு மேலே பகல் நிலா தெரிந்தது. வெளிறிப்போன பாதி நிலா. பஸ்ஸில் இருந்த எல்லாரும் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். அதுக்குள்ளதான் ரெண்டு பேரும் இருக்கான் என்று ஒருவர் தன் பிள்ளைக்குக் காட்டினார். என் கணவர்கூட எழுந்து நின்று பார்த்தார். நானா மட்டும் தலையைத் தூக்கவில்லை. மடியில் வைத்திருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மெல்லப் பேச்சை எடுத்தேன். நானா, உங்களுக்கு நாங்க எப்படி, என்று தொடங்கினேன்.

"அந்தப் பேச்ச எடுக்காத புள்ள" என்றார். "பிந்தினது என்னால. அதான்."

மனு ஏற்கப்பட்டது என்று சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதை லயத்தில் எல்லாருக்கும் நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குள் நிலாவுக்கு இரண்டாவது தடவையும் ஆட்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். அதைக் கேட்க இரத்தோட்டையில் ஒருவரும் பஸ்ஸை நிறுத்தவில்லை.

அது நோன்பு மாதம். மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் சாமான் வாங்க நானாவின் கடைக்குப் போனேன். அன்று பிறை பார்க்கிற நாள் என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து பெய்த மழை விட்டு, மேற்கு வானம் கழுவிவிட்டதுபோலக் கிடந்தது. கடையில் ஆள் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். நானா மேட்டில் ஏறவில்லை, கொல்லைப் படியிலேயே நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா? அவர் பார்வை ஓர் இடத்தில் போய் நின்றதைக் கண்டேன். அந்த இடத்தை நானும் பார்த்தேன். மலைக்கு மேலே, ஒரு மயிரிழை போல, பிறை.

நான் வாயைத் திறப்பதற்குள் முன்வாசலில் இரண்டு இளைஞர்கள் வந்து கூப்பிட்டார்கள். நானா, இந்த முறையும் நீங்க மேட்டுக்கு வரல்லையே, பிறை கண்டீங்களா என்று கேட்டார்கள். இந்த முறையும் என்று அவர்கள் சொன்னது என் காதில் விழுந்தது. நோன்பு தொடங்கிய அன்றும் அவர் போகவில்லை.

"என்ட கண்ணு இப்ப சரியில்ல மகன்" என்றார் நானா. "மேட்டுல வேற ஆளுங்க நிக்கிறாங்க, அவங்களக் கேளுங்க."

அவர்கள் போனார்கள். அவர் உள்ளே வந்து, எனக்குச் சீனி நிறுக்கத் தொடங்கினார். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. உலகத்தில் யார் மேலே கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன்.

"நானா, நீங்க பார்த்தீங்க" என்றேன்.

"கண்டேன்" என்றார். "சாட்சி சொல்ல ஏலாது. அவ்வளவுதான்." சீனிப் பொட்டலத்தை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு, தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

அன்று இரவு லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் ரேடியோ பெருநாளை அறிவித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் என் கணவர் அதைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிரித்தார்.

"நானாதான் கண்டிருப்பாரு" என்றார்.

"கண்டாரு" என்றேன் நான்.